பேப்பரோடு நின்றுவிடாதீர்கள், தங்கச்சி: கொள்கலன் லொறித் தொழிலில் ஒரு பெண்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். உயர்தரம் வணிகப் பிரிவில் முடித்திருக்கிறார், ஒரு ஃபோர்வேர்டிங் கம்பனியில், அதாவது மற்றவர்களின் சரக்கைக் கப்பலில் அனுப்பி எடுத்துக் கொடுக்கும் கம்பனியில், டொக்கியுமென்டேஷன் என்கிற பேப்பர் வேலை கிடைத்திருக்கிறது. அம்மா, "லொறிக்காரங்களோட மல்லுக்கட்டுற வேலை, பொம்பிளைப் பிள்ளைக்கு அது எதுக்கு" என்கிறாராம். இந்தத் துறையில் உண்மையிலேயே மேலே வர முடியுமா, வருவதென்றால் என்ன படிப்பது, கனரக லைசன்ஸ் எடுத்து வண்டியே ஓட்டினால் என்ன என்பதுதான் அவருடைய கேள்விகள்.

வரலாம். நான் வந்தேன். 1999-இல் இதே டொக்கியுமென்டேஷன் மேசையில் தொடங்கி, இன்றைக்கு இரண்டு சொந்த வண்டியும் வாடகைக்கு எடுக்கிற நாலைந்து ஹயர் வண்டியும் வைத்து வேலை பார்க்கிறேன். ஆனால் கம்பனி உங்களை முதல் நாள் எந்தக் கதிரையில் உட்கார வைக்கிறதோ அதிலேயே பத்து வருடம் இருந்தால் வரமுடியாது. இந்தத் துறையில் பெண்கள் குறைவு என்பது அலுவலகத்துக்குள் போய்ப் பார்த்தால் பொய்போலத் தெரியும், பில் அடிப்பது, டி.ஓ. என்கிற சரக்கு விடுவிப்புக் கட்டளை எழுதுவது, மெயில் அனுப்புவது எல்லாம் பெரும்பாலும் பெண் பிள்ளைகள்தான். வண்டியையும் பெட்டியையும் ஓடவைக்கிற ஒப்பரேஷன் பக்கம் போனால் ஒருத்தி, இரண்டு பேர். சம்பளம் ஏறுவதும் முடிவு எடுப்பதும் அந்தப் பக்கத்தில். அதனால் நான் சொல்லப்போவது முழுக்க ஒரே விஷயம்தான்: பேப்பரைப் படியுங்கள், பிறகு அந்தப் பேப்பரில் எழுதியிருக்கும் பெட்டி, அதாவது கொள்கலன், எங்கே நிற்கிறது என்று உங்கள் கண்ணால் போய்ப் பாருங்கள். இரண்டும் தெரிந்த ஆளை இந்தத் தொழிலில் யாரும் லேசில் விடமாட்டார்கள், அது ஆணா பெண்ணா என்று பார்க்க அவர்களுக்கு நேரமும் இருக்காது.

முதலில் கொழும்பைப் புரிந்துகொள்ளுங்கள். 2024-இல் நம் துறைமுகம் கையாண்டது இருபது அடிப் பெட்டிக் கணக்கில் 77 இலட்சத்துக்கும் அதிகம். அதில் பெரும்பகுதி நம் வீதிக்கு வருவதே இல்லை, பெரிய கப்பலிலிருந்து இறங்கி சின்னக் கப்பலில் ஏறி சென்னைக்கோ சிட்டகொங்குக்கோ போய்விடும். மிச்சம் இருப்பதுதான் லொறிக்காரர்களின் சோறு. அந்த மிச்சமும் ஒரே வாசலால் வருவதில்லை. பெட்டி இறக்கும் முனையங்கள் பல: துறைமுக அதிகாரசபையின் ஜே.சி.டி., நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1999-இல் தொடங்கிய எஸ்.ஏ.ஜி.டி., 2013-இல் வந்த சி.ஐ.சி.டி., கிழக்கு முனையம், 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கிய மேற்கு முனையம் என்று தனித்தனி. பெட்டி எந்த முனையத்தில் இறங்கியது என்று பார்க்காமல் சாரதியை அனுப்பினால் அவருடைய அரை நாள் போய்விடும், அந்த அரை நாளில் அவர் இன்னொரு டிரிப் அடித்திருப்பார்.

சரி, உங்கள் மேசைக்கு வருவோம். முதல் ஒரு வருடம் டொக்கியுமென்டேஷனை வெறுக்காமல் ஆழமாகப் படியுங்கள். கப்பல் கம்பனி தரும் மாஸ்டர் பில்லுக்கும் ஃபோர்வேர்டர் தரும் ஹவுஸ் பில்லுக்கும் என்ன வித்தியாசம், விற்பவர் கப்பலில் ஏற்றிக் கொடுப்பதோடு நிற்கும் எஃப்.ஓ.பி. விலை என்றால் கப்பல் கூலி யார் தலையில், சுங்கம் வரி போடுவது சி.ஐ.எஃப். பெறுமதியில் என்பதால் கூலியும் காப்புறுதியும் வரிக்குள் எப்படி வந்து உட்காருகின்றன, பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். கோட் ஒரு இலக்கம் மாறினால் வரி எங்கே போகும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கவேண்டும். கஸ்டெக் என்கிற சுங்கப் பிரகடனம் அசிகுடா என்கிற சுங்கக் கம்ப்யூட்டர் முறையில் ஏறியதும் பச்சை வழியா சிவப்பா என்று வருமே, சிவப்பு என்றால் பெட்டி பரிசோதனை யார்டுக்குப் போய்த் திறந்து பார்த்துத்தான் வரும். அப்போது உங்கள் செலவுக் கணக்கு முழுக்க மாறும். துறைமுகத்துக்குள் இலவச நாட்கள் முடிந்தால் வாடகை ஓடும். வெளியே எடுத்த பெட்டியைக் காலியாக்கித் தவணைக்குள் திருப்பிக் கொடுக்காவிட்டால் கப்பல் கம்பனிக்கு வேறு கட்டவேண்டும். இந்த இரண்டு மணிக்கூடும் தனித்தனியாக ஓடுகின்றன என்பதை வாடிக்கையாளருக்கு முதல் நாளே விளங்கச் சொல்லிவிடுங்கள், பாதிச் சண்டை அதோடு தீர்ந்துவிடும்.

என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறேன். சேர்ந்து எட்டாம் மாதம் ஒரு டிரிப் ஷீட் கையால் எழுதினேன். பெட்டி இலக்கத்தில் 4-உம் 7-உம் இடம் மாறிப் போயிற்று. சாரதி பின்னேரம் நாலு மணிக்குத் துறைமுக வாசலுக்குப் போனவர், அங்கே "இப்படி ஒரு பெட்டி இல்லை" என்று திருப்பிவிட்டார்கள். அலுவலகம் பூட்டியாயிற்று, அப்போது எல்லார் கையிலும் போன் இல்லை. அந்த மனுசன் வண்டியை ஓரம்கட்டி ராத்திரி முழுக்க அதற்குள்ளேயே கிடந்து, காலையில் ஏழரைக்கு எங்கள் வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை. அந்தக் கசங்கின ஷீட்டை என் மேசையில் விரித்து வைத்து, "மிஸ், இதை ஒருக்கா பாருங்க" என்று மட்டும் சொன்னார், கண் இரண்டும் சிவந்திருந்தது. இன்றைக்கும் பெட்டி இலக்கம் எழுதும்போதெல்லாம் அந்தக் கண்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

அதற்குப் பிறகுதான் அந்த இலக்கத்தின் கணக்கை ஒருவரிடம் கேட்டுப் படித்தேன். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தனியாக ஒரு இலக்கம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். எழுத்துகளுக்கும் ஒவ்வொரு பெறுமதி கொடுத்து, முன்னால் உள்ள பத்தையும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துப் போகும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மிச்சம்தான் அந்தக் கட்டத்து இலக்கம். மிச்சம் 10 வந்தால் 0 போடுவார்கள். இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தால் கணக்கு உதைக்கும். இப்போது கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிவிடுகிறது, என்றாலும் வட்ஸ்அப்பில் வரும் இலக்கத்தை அப்படியே நம்பி அனுப்புகிற பிள்ளைகளை இன்றைக்கும் காண்கிறேன். பெட்டியின் கதவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எழுதி அனுப்புவதைக் கேட்காதீர்கள்.

இனி யார்ட். இதைத்தான் பெண் பிள்ளைகளுக்கு யாரும் காட்டுவதில்லை, "நீங்க ஏன் மிஸ் வெயில்ல, நாங்க பார்த்துக்கிறோம்" என்று அன்பாகவே தடுத்துவிடுவார்கள். அந்த அன்பு உங்கள் சம்பளத்தைத்தான் தின்னும். நான் நாலாவது வருடம் ஒருநாள் மனேஜரிடம், "ஒருகொடவத்தை யார்டுக்கு இன்றைக்குப் போகிற வண்டியில் நானும் வாறேன்" என்று சொல்லி ஏறிவிட்டேன். அன்றைக்குக் கண்டதை நாலு வருடப் பேப்பர் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெட்டிக் கதவில் போட்டிருக்கும் சீல் என்கிற முத்திரைப் பூட்டை வெட்டும் முன் அதன் இலக்கத்தை பில்லோடு ஒத்துப் பார்க்கவேண்டும், கதவை ஒரேயடியாகத் திறக்கக்கூடாது, உள்ளே சாமான் சாய்ந்திருந்தால் ஆள் மேல் விழும். கொஞ்சம் திறந்து, ஒதுங்கி நின்று, பிறகு மற்றது.

அப்புறம் காலிப் பெட்டி பார்க்கும் விதம். ஏற்றுமதிக்குப் பெட்டி எடுக்கும்போது உள்ளே போய் நின்று வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொல்லவேண்டும். ஓட்டை இருந்தால் அந்தக் கும்மிருட்டுக்குள் வெளிச்சம் ஊசிபோல இறங்கும். மூக்கையும் பாவிக்கவேண்டும். போன தடவை மிளகாயோ இரசாயனமோ ஏற்றிய பெட்டியில் தேயிலை ஏற்றினால் தேயிலை அந்த வாசனையைக் குடித்துவிடும், அங்கே போய்ச் சேர்ந்ததும் முழு லோடையும் வேண்டாம் என்பார்கள். யார்ட்டில் ஒரு வயதான சுப்பர்வைசர் என்னை உள்ளே நிற்கவைத்துக் கதவைச் சாத்தினார், பயத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது, கூரை மூலையில் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது. "கண்டீங்களா? இனி நீங்க பெட்டி தெரிவு செய்யலாம்" என்றார். அதற்குப் பிறகு தேயிலைக்காரர்களின் பெட்டியெல்லாம் என் பொறுப்பில் வந்தது.

காசு எங்கே இருக்கிறது என்று கேட்டால், திரும்பும் வண்டியில் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். நாற்பது அடிப் பெட்டி பாரத்தோடு போனால் என் வண்டிகள் டீசல் லீற்றருக்கு இரண்டரை கிலோமீற்றர் கொடுக்கும், காலியாகத் திரும்பினால் மூன்று. போக 160 லீற்றர், வர 133 லீற்றர். அந்த 133 லீற்றரும் காற்றைச் சுமந்துகொண்டு வருவதற்காக எரிகிறது. கொழும்பைச் சுற்றியும் இதே கதைதான்: கட்டுநாயக்க, பியகம ஏற்றுமதி வலயங்களுக்குத் துணி ஏற்றிய பெட்டி போகும், இறக்கிவிட்டு யார்டுக்குக் காலியாக வரும். அதே நாள் பக்கத்து ஆலைக்கு ஏற்றுமதிக்குப் பெட்டி வேண்டும் என்று இன்னொரு வண்டி காலியாக மேலே ஏறும். துணி இறக்கிய பெட்டியையே அங்கே கொண்டுபோய் ஏற்றினால் ஒரு முழு ஓட்டம் மிச்சம். இரண்டும் ஒரே கப்பல் கம்பனியாக இருக்கவேண்டும், அவர்களிடம் முதலே அனுமதி எடுக்கவேண்டும், அளவு பொருந்தவேண்டும், பெட்டி நல்ல நிலையில் இருக்கவேண்டும். இதைப் பொருத்திப் பார்க்கிற ஆள் யார்? இறக்குமதிப் பேப்பரும் ஏற்றுமதிப் பேப்பரும் கையில் இருக்கிற, யார்ட்டில் பெட்டியைக் கண்ணால் பார்த்துப் பழகிய ஆள். அதாவது இரண்டு வருடம் கழித்து நீங்கள். ஒரு கிழமையில் இப்படி இரண்டு ஓட்டத்தை மிச்சம் பிடித்துக் காட்டிவிட்டுச் சம்பள உயர்வு கேளுங்கள், தொகையோடு கேளுங்கள்.

சாரதிமாரைப் பற்றி உங்கள் அம்மா பயப்படுகிறார். என் அனுபவத்தில் எனக்கு வந்த கரைச்சல்களில் பெரும்பகுதி சாரதிகளால் வரவில்லை, குளிரூட்டிய அறைக்குள் இருந்த ஆட்களால்தான் வந்தது. சாரதிக்கு வேண்டியது மூன்று: சரியான பேப்பர், டிரிப் காசு சொன்ன நாளில், போன் அடித்தால் எடுக்கிற ஆள். பெரும்பாலானவர்கள் சிங்களம் பேசுகிறவர்கள், அதனால் சிங்களம் தயங்காமல் பேசப் பழகுங்கள், பிழையாகப் பேசினாலும் பரவாயில்லை. பெயரைக் கேட்டு, வயதுக்குத் தக்க "அய்யே" (அண்ணா) என்று கூப்பிட்டால் அவர்களும் மரியாதையோடுதான் நடப்பார்கள். தமிழும் உங்களுக்குச் சொத்து, அதைக் குறைவாக நினைக்காதீர்கள். புறக்கோட்டை மொத்த வியாபாரிகள், தூத்துக்குடியிலும் சென்னையிலும் இருக்கிற ஏஜென்டுகள் எல்லோரும் மெயிலில் ஆங்கிலம் எழுதுவார்கள், வெங்காயம் அழுகப் போகிறது என்றால் போனில் தமிழில்தான் கத்துவார்கள். அந்தப் போனை எடுத்துப் பதில் சொல்லத் தெரிந்தவளிடம் அடுத்த லோடும் வரும்.

2022-ஐச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. டொலர் இல்லாமல் பெட்டிகள் துறைமுகத்திலேயே தேங்கின, வெளியே எடுத்த பெட்டியை ஓட்ட டீசல் இல்லை. ஜூலையில் கியூ.ஆர். முறை வரும்வரை வரிசைதான். என் சாரதி ஒருவர் பேலியகொடைப் பக்கம் ஒரு எரிபொருள் ஷெட் வரிசையில் மூன்று நாள் நின்றார். நான் சோத்துப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோய்க் கொடுத்தேன், முன்னுக்குப் பின்னுக்கு நின்ற சாரதிகளுக்கும் சேர்த்துத்தான். அதில் இரண்டு பேர் இன்றைக்கும் என் ஹயர் வண்டிகள், எவ்வளவு நெருக்கடியிலும் நான் கூப்பிட்டால் வருகிறார்கள்.

பாதுகாப்பைப் பற்றி இனிப்புத் தடவாமல் சொல்கிறேன். பல யார்ட்டுகளில் பெண்களுக்கு ஒழுங்கான கழிவறை இல்லை. எது எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளிக்காதீர்கள், நான் அப்படி இருந்து சிறுநீரகத்தில் வருத்தம் தேடிக்கொண்டேன். மூடிய சப்பாத்து, ஒளிரும் மேலங்கி, தொப்பி இல்லாமல் உள்ளே போகவேண்டாம். பின்னால் எடுக்கிற பிரைம் மூவரின், அதாவது ட்ரெயிலர் இழுக்கும் வண்டியின், சாரதிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள், அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் உங்களை அவருக்கும் தெரியாது. இரவு வேலைக்கு நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்திலேயே பெண்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கப்பல் இரவு பார்த்துத்தான் வரும் என்பதும் உண்மை. ஆகவே சேரும்போதே கேளுங்கள்: பிந்தினால் வீட்டுக்கு வண்டி யார் தருவது, அது கடிதத்தில் இருக்கிறதா? ஊழியர் சேமலாப நிதி ஈ.பி.எஃப். உங்களிடம் 8 வீதம், கம்பனி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி ஈ.டி.எஃப். 3 வீதம் கம்பனியே. சின்ன டிரான்ஸ்போட் கம்பனிகள் சில இதைக் கட்டாமல் "கையில் கூடத் தாறோம்" என்பார்கள். வேண்டாம். பிள்ளைப்பேறு விடுமுறை 84 வேலை நாள், 2018-க்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதே 84தான்.

இன்னொன்று, கைக்காசு. எந்த இடம் என்று சொல்லமாட்டேன், ஒரு இடத்தில் "இதைக் கொடுத்தால்தான் நகரும்" என்று என் கையில் ஒரு கவரைக் கொடுத்து அனுப்பினார் அப்போதைய என் மேலாள். நான் கொண்டுபோகவில்லை, இரண்டு மாதம் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிற்பாடு கணக்குக் குளறுபடி என்று விசாரணை வந்தபோது கவர் சுமந்த பையனைத்தான் வேலையை விட்டு நிறுத்தினார்கள், அனுப்பியவர் இருந்தார். ரசீது இல்லாத காசை உங்கள் கையால் தொடாதீர்கள்.

படிப்பு. உடனே டிகிரிக்கு ஓடவேண்டாம், ஒரு வருடம் வேலை செய்துவிட்டுப் படித்தால் ஒவ்வொரு பாடமும் உங்களுக்கு முகம் தெரிந்த ஆளாக இருக்கும். ஃபோர்வேர்டர்களின் உலக அமைப்பான ஃபியாட்டாவின் டிப்ளோமா ஃபோர்வேர்டிங்குக்கு நல்ல அத்திவாரம். லொஜிஸ்டிக்ஸ், போக்குவரத்துத் துறையின் தொழில்சார் அமைப்பான சி.ஐ.எல்.டி.யின் தகுதிகள் வெளிநாட்டிலும் செல்லும். மாலபேயில் சினெக் கல்வி நிலையம், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து, லொஜிஸ்டிக்ஸ் பட்டம் இருக்கின்றன. சி.ஐ.எல்.டி.யின் பெண்கள் அமைப்பான விலாட் 2013-இல் கொழும்பில்தான் தொடங்கப்பட்டது, நம் நாட்டு கயானி டி அல்விஸ் அதன் உலகத் தலைவராகவே இருந்தவர். அந்தக் கூட்டங்களுக்குப் போங்கள், வேலை அங்கேதான் கதைபடுகிறது. சுங்க முகவர் அனுமதியையும் மனதில் வைத்திருங்கள். பிற்காலத்தில் சொந்தமாக நிற்பதற்கு அதுதான் கை கொடுக்கும்.

வண்டி ஓட்டும் கேள்விக்கு வருகிறேன். தாராளமாக எடுக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. முதலில் சாதாரண வண்டி லைசன்ஸ், கை நன்றாகப் பழகிய பிறகு லொறிக்கு சி, ட்ரெயிலர் இழுக்க சி.ஈ. மருத்துவச் சான்றிதழும் வேண்டும். மத்தியப் பிரதேசத்துப் போபாலைச் சேர்ந்த யோகிதா ரகுவன்ஷி சட்டம் படித்தவர், கணவர் இறந்த பிறகு பிள்ளைகளை வளர்க்க லொறி ஓட்டத் தொடங்கி இந்தியா முழுக்க ஓடினார். அமெரிக்காவின் டெக்சாஸில் லில்லி ட்ரென்னன் என்ற பெண் 1929-இலேயே லொறி லைசன்ஸ் எடுத்து, சொந்த லொறிக் கம்பனியையும் நடத்தினார், அதுவும் காது சரியாகக் கேளாமல். ஆனால் நம் வீதியில் இன்றைக்குத் தூர ஓட்டத்துக்குப் போகும் சாரதி தூங்குவது வண்டிக்குள், குளிப்பது வழியில் கிடைக்கும் இடத்தில். அது மாறும்வரை, ஓட்டுவதையே பிழைப்பாக எடுக்கச் சொல்லி உங்களைப் போன்ற ஒரு பிள்ளைக்கு என்னால் மனச்சாட்சியோடு சொல்ல முடியவில்லை. லைசன்ஸ் மட்டும் எடுங்கள். நான் நாற்பது வயதில் எடுத்தேன். யார்ட்டுக்குள் ஒரு தடவை ட்ரெயிலரைப் பின்னால் எடுத்துப் பார்த்த பிறகு, "ஏன் அய்யே இவ்வளவு நேரம்" என்று சாரதியிடம் கேட்கிற பழக்கம் என்னிடமிருந்து போய்விட்டது.

அம்மாவிடம் சண்டை பிடிக்காதீர்கள். ஒரு சனிக்கிழமை காலையில் அவரைக் கூட்டிக்கொண்டுபோய் நீங்கள் வேலை செய்யும் இடத்தைக் காட்டுங்கள். என் அம்மா ஆறு வருடம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். ஒருநாள் வழியில் எங்கள் வண்டி ஒன்று போனது, சாரதி என்னைக் கண்டு ஹோர்ன் அடித்துக் கை காட்டினார். "ஆர் அது?" என்றார் அம்மா. "எங்கட ஆள்" என்றேன். பிறகு வீட்டுக்கு வந்து, அந்தத் தம்பிக்குப் பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார்.

வேலையில் சேர்ந்து முதல் மாதத்துக்குள் மேலாளரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "யார்ட்டுக்குப் போகிற வண்டியில் ஒருநாள் நானும் வரலாமா?" என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அதை வைத்து, அந்தக் கம்பனியில் எத்தனை வருடம் இருக்கலாம் என்று நாம் இருவருமாகப் பேசி முடிவெடுக்கலாம்.